நஞ்சப்பா, நாற்பத்தேழு நாட் அவுட்

போன மாதம் ஒரு சாயங்காலம் என் பேத்தி டிவியில் ஒரு பழைய டெஸ்ட் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூறு வருஷத்துக்கு மேலாக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கும் இரண்டு நாடுகளின் ஆட்டம். மட்டையாளர் ஒரு பந்தைக் குனிந்து விட்டுவிட்டு, ஓவர் முடிந்தது என்று நினைத்துக் கோட்டைத் தாண்டி நடந்தார். கீப்பர் பந்தை எறிந்து ஸ்டம்பைத் தட்டினார். அவுட். அரங்கம் முழுக்க ஊளையிட்டது.

“ரூல்படி அவுட்தானே தாத்தா? எதுக்கு இப்படிக் கத்தறாங்க?” என்று கேட்டாள்.

“அவுட்தான்” என்றேன். அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. பால்கனிக்குப் போனேன். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் ஷிப்ட் பஸ்கள் வரிசையாகப் போவது தெரியும். எட்டு பஸ் எண்ணினேன். உள்ளே வந்து தாகமில்லாமல் தண்ணீர் குடித்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் மேலே ஏறி வந்தேன். எண்பது வயதைத் தாண்டியவன் இப்படி ஏறி இறங்கினால் வீட்டில் பயப்பட மாட்டார்களா? “உக்காருங்க தாத்தா, பிபி பாக்கட்டுமா?” என்றாள். பிபி இல்லை அம்மா, நஞ்சப்பா என்று சொல்ல நினைத்தேன். உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் ஓசூரில் இத்தனை தொழிற்சாலைகள் கிடையாது. நான் வேலை பார்த்தது சைக்கிளுக்கு நட்டும் போல்ட்டும் செய்கிற ஒரு சின்னப் பட்டறை. அதற்கு ‘பேக்டரி’ என்று பெயர்ப்பலகை வைத்ததே எங்கள் முதலாளியின் துணிச்சல்தான். நான் வருகை நேரம் குறிக்கும் டைம் ஆபீஸ் குமாஸ்தா. சேலத்தில் பி.ஏ. படித்தவன். அந்த வட்டாரத்தில் ஆங்கிலப் பத்திரிகையை வாய்விட்டுப் படித்து அர்த்தம் சொல்லக்கூடியவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. கொஞ்சம் என்று எழுதுவதுகூடப் பொய்தான்.

பட்டறை என்றதும் எனக்கு முதலில் வருவது கட்டிங் ஆயில் வாசனை. இன்றைக்கும் எங்காவது லேத் ஓடினால் அந்த வாசனை வந்து, கூடவே சவரியின் கைகள் வந்துவிடும். சவரி எங்கள் லேத் டர்னர். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் நேராக மைதானத்துக்கு வந்து விக்கெட் கீப்பராக நிற்பான். கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை அப்படியே இருக்கும், கையில் மட்டும் வெல்டிங் கையுறை. கீப்பர் கையுறை வாங்க எங்களுக்கு எங்கே வழி? வெல்டர்கள் போடுகிற அந்தத் தடித்த தோல் உறையில் பறந்து வரும் பந்தைப் பிடித்துவிடலாம். தரையில் கிடக்கும் பந்தைப் பொறுக்குவதுதான் பெரும்பாடு. இது கதைக்கு வேண்டும், அதனால் சொல்கிறேன்.

அப்போது எங்களுக்கு அயல்நாடு அத்திப்பள்ளி. சிரிக்காதீர்கள். ஓசூர் மதராஸ் மாநிலம், செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் மைசூர் மாநிலம். அங்கே ஒரு அணி, இங்கே எங்கள் பட்டறை அணி. நடுவில் எல்லையை ஒட்டி ஒரு வறண்ட ஏரி. அதில் தென்னை நார்ப் பாயை விரித்து, நாலு பக்கமும் ஆணி அடித்து ஆடுவோம். ரேடியோவில் டெஸ்ட் வர்ணனை கேட்டுக் கேட்டு எங்களுக்கும் ஐந்து நாள் ஆட வேண்டும் என்று ஆசை. வேலைக்குப் போகிறவன் ஐந்து நாளுக்கு எங்கே போவான்? ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். ஒரு ஞாயிறு ஒரு நாள் கணக்கு. சாயங்காலம் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போனால் ஸ்டம்பைப் பிடுங்குவோம், அடுத்த ஞாயிறு விட்ட இடத்தில் நடுவோம். நாட் அவுட்டாக நிற்பவன் வாரம் முழுக்க நாட் அவுட். நஞ்சப்பா நாற்பத்தேழு எடுத்துவிட்டு அந்த வாரம் ஓசூர் சந்தைக்குத் தக்காளிக் கூடையோடு வந்தபோது, “என்னப்பா, இன்னும் நாட் அவுட்தானா?” என்று கேட்காதவர் இல்லை. “ஆமாண்ணா, ஞாயித்துக்கெழம வரைக்கும் எவனும் ஒண்ணும் பண்ண முடியாது” என்று கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே சிரிப்பான்.

நஞ்சப்பா அத்திப்பள்ளிக்காரன். கன்னடம் பேசுகிறவன், தமிழும் நன்றாகப் பேசுவான். எதிராளிகளின் பெரிய ஆட்டக்காரன் அவன்தான். இரண்டு அணிக்கும் சேர்த்து உருப்படியான மட்டை ஒன்றே ஒன்று, அதுவும் அவனுடையது. புங்க எண்ணெய் தடவித் தடவிக் கறுத்துப்போன மட்டை. நாங்கள் ஆடும்போது அதையே எங்களுக்குக் கொடுப்பான். எதிரிக்குத் தன் மட்டையைக் கொடுத்துவிட்டு, அந்த மட்டையிலிருந்து வரும் பந்தைத் தானே ஓடி ஓடித் தடுப்பான்.

நடுவர், செக்போஸ்ட் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த ராமய்யா. தெலுங்குக்காரர். தமிழருக்கும் சேராமல் கன்னடருக்கும் சேராமல் இரண்டு மாநிலத்துக்கும் டீ விற்கிறவர் என்பதுதான் அவருடைய தகுதி.

நான் சொல்லும் ஆட்டம், மேற்கிந்தியத் தீவுகள் அணி சென்னைக்கு வந்த வருஷத்தில் நடந்தது. அந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகாமல் சேப்பாக்கத்துக்குப் போனேன். நாம் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம். கேட்ச்சுகளை விட்டோம், கடைசி நாள் அவர்கள் தாக்குப்பிடித்து டிரா செய்துவிட்டார்கள். அதெல்லாம் பெரியவர்கள் எழுதிவிட்டார்கள். நான் பார்த்த வேறொன்று என் மனதில் தங்கியது. அவர்களுடைய மட்டையாளர் ஒருவர் பந்தைத் தடுத்தார். பந்து காலடியில் நின்றது. பக்கத்தில் நின்ற நம் ஆள் கையை நீட்டினார். அவர் குனிந்து பந்தை எடுத்து, தூசியைத் தட்டி, மெல்லத் தூக்கிப் போட்டார். நம் ஆள் தலையசைத்தார். வெயிலில் ஐந்து மணி நேரம் ஒருவரை ஒருவர் ஒழித்துக்கட்டப் பார்க்கிறவர்கள், நடுவில் இப்படி. பக்கத்தில் இருந்தவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார், அவர் பார்க்கக்கூட இல்லை.

திரும்பும் வழியில் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் கிரிக்கெட் சட்டப் புத்தகம் ஒன்று வாங்கினேன். ஆங்கிலத்தில், சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவு.

ஓசூர் வந்ததும் இரண்டு அணியையும் உட்கார வைத்து நான் பார்த்ததைச் சொன்னேன். “அதுதான்பா டெஸ்ட். எதிராளி கேட்டா பந்தை எடுத்துக் குடுக்கணும். அது மரியாதை.” பிரசங்கமே செய்தேன். அவர்கள் நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். சவரியின் வெல்டிங் கையுறைக்கும் அது தோதாக இருந்தது. பந்து மட்டையாளரின் காலடியில் நின்றால் சவரி “கொடப்பா” என்று கன்னடத்தில் கேட்பான். மட்டையாளர் எடுத்து, கால்சட்டையில் துடைத்து, கையில் கொடுப்பார். நாலு ஞாயிறும் அப்படித்தான் நடந்தது. நஞ்சப்பா மட்டும் ஒரு படி மேலே போய்ப் பந்தை வாயால் ஊதிக் கொடுப்பான். “குழந்தைக்குப் பால் ஆத்தறியா நஞ்சா?” என்பான் சவரி.

நாலாவது ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் ராமய்யா கடையில் நஞ்சப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டான். பெங்களூரில் ஒரு பெரிய அரசுத் தொழிற்சாலை. அங்கே கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு வேலை கொடுத்தார்கள். ஒரு மாதம் முன்பு அவனுக்காக அந்த வேலைக்கு விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுத்தவன் நான்தான்.

“சார், நீங்க எழுதிக் குடுத்தீங்கல்ல, அதுக்கு ஆள் வராரு சார். அடுத்த ஞாயித்துக்கெழம. நான் ஆடறதப் பாக்கறதுக்கு.”

“யாரு?”

“அங்க ஸ்போர்ட்ஸ் பாக்கற ஆபீசராம். நம்ம ஏரிக்கே வராராம் சார்!” “யாருக்கும் சொல்லல. உங்களுக்கு மட்டுந்தான். அம்மாகிட்டகூடச் சொல்லல.”

“நல்லா ஆடு” என்று அவன் தோளைத் தட்டினேன்.

அதே தொழிற்சாலைக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். குமாஸ்தா வேலைக்கு, இரண்டு முறை. என் ஆங்கிலத்தில் எனக்காக எழுதியதற்கு ஒரு அஞ்சலட்டைகூட வரவில்லை. அதே ஆங்கிலத்தில் அவனுக்காக எழுதியதற்கு ஆபீசரே வருகிறார். அந்த வாரம் முழுக்க இதைத்தான் மென்றுகொண்டிருந்தேன். தறிகெட்டு நடந்தேன். டைம் கார்டில் எட்டு மணிக்கு வந்தவனுக்கு ஒன்பது என்று குத்தி, ஒரு ஃபிட்டரிடம் வசவு வாங்கினேன்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது என்னவென்றால், அது ஆட்ட வேகத்தில் சட்டென்று வந்த புத்தி என்பது. இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அந்தச் சட்டப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். பந்தைக் கையால் தொடுவது பற்றிய சட்டம் ஒரே ஒரு வாக்கியம். ஆட்டத்தில் இருக்கும் பந்தை மட்டையாளர் கையால் தொட்டால் அவுட், எதிரணி கேட்டுக்கொண்டதால் தொட்டால் தவிர. அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் பஸ் டிக்கெட் ஒன்றை அடையாளம் வைத்தேன். அதற்கு முன் நாலு ஞாயிறும் நான் அந்தப் புத்தகத்தை மைதானத்துக்குக் கொண்டுபோனதில்லை.

ஐந்தாவது ஞாயிறு. அவர்கள் ஜெயிக்க முப்பத்தெட்டு ரன், கையில் மூன்று விக்கெட். ஆபீசர் வந்துவிட்டார். வெள்ளைப் பேண்ட், கறுப்புக் குடை, ராமய்யா கடையிலிருந்து தூக்கி வந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போன ஞாயிற்றின் நாற்பத்தேழு நாட் அவுட்டோடு வந்த நஞ்சப்பா தோய்த்த சட்டை போட்டிருந்தான். மட்டையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது பந்து. நேராக வந்ததை நேராகத் தடுத்தான். பந்து அவன் காலடியில் செத்து நின்றது. சவரி இரண்டடி முன்னால் வந்தான்.

“கொடப்பா நஞ்சா.”

மிட் ஆஃபில் நின்ற எனக்கு அது தெளிவாகக் கேட்டது. நஞ்சப்பா குனிந்தான், எடுத்தான், ஊதினான், நீட்டினான். நான் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன்: “ஹௌ ஸாட்!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராமய்யா சிரித்துவிட்டார். “என்னா சார், காலங்காத்தால வெளையாட்டா?”

“வெளையாட்டு இல்ல. கையால பந்தைத் தொட்டுட்டான். அவுட்.”

“தெனமும்தான் தொடறான்! நாலு வாரமாத் தொடறான்! நீங்கதானய்யா சொல்லிக் குடுத்தீங்க!”

சவரி ஓடி வந்தான். “சார், நான்தான் சார் கேட்டேன். இந்த க்ளவுஸுல எடுக்க வர்லன்னு நான்தான் கொடுன்னேன்.”

“நீ கேட்டா என்ன, கேக்காட்டி என்ன? ரூல்ல அதெல்லாம் கெடயாது.”

புத்தகத்தை எடுத்தேன். டிக்கெட் வைத்த பக்கத்தைப் பிரித்தேன். முதல் பாதியை ஆங்கிலத்தில் உரக்கப் படித்து, தமிழில் சொன்னேன். காற்புள்ளி வந்த இடத்தில் நிறுத்தினேன். புத்தகத்தை ராமய்யாவிடம் நீட்டினேன். அவர் ஜாதகத்தைப் பார்ப்பதுபோல அதை உற்றுப் பார்த்தார். மறுபாதி அவருடைய கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. இல்லாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

“நாக்குத் தெலீது சார்... எனக்குத் தெரியாது. இங்லீசுல அச்சடிச்சிருக்குதே” என்றார். விரலைத் தூக்க அவருக்கு மனம் வரவில்லை. பாதிக்குத் தூக்கி இறக்கினார்.

நஞ்சப்பா அந்த விரலுக்குக் காத்திருக்கவில்லை. “ஆகலி ராமய்யா, பரவால்ல. சார் படிச்சவரு, பொய் சொல்லமாட்டாரு” என்றான். பந்தை சவரியின் கையில் வைத்தான். மட்டையை, அடுத்து ஆட வந்தவனிடம் கொடுத்துவிட்டு வெளியே நடந்தான். பெரிய பெரிய டெஸ்ட் ஆட்டக்காரர்கள் நடுவர் சொல்லும் முன்பே தாமாக நடந்து போவதை வர்ணனையாளர்கள் குரல் தழதழக்கப் புகழ்வதை ரேடியோவில் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர்கள் பத்தொன்பது ரன் வித்தியாசத்தில் தோற்றார்கள். நாங்கள் ஜெயித்தோம். எங்கள் பக்கத்தில் யாரும் கைதட்டவில்லை. சவரி கையுறையைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு சைக்கிளில் ஏறிப் போனான்.

இன்னும் ஒன்று பாக்கி. இதையும் சொல்லிவிடுகிறேன். ஆபீசர் என்னைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் சட்டத்தை விளக்கினேன், அதே முதல் பாதியை. எங்கே படித்தாய் என்று கேட்டார். சேலத்தில் என்றேன். என் பெயரைக் கேட்பார் என்று நின்றேன். அவர் குடையை விரித்து பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டார். அந்த வெயிலில் நான் கழுத்துப் பட்டன் போட்டு நின்றதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, அடுத்த நிமிஷம் வருவது வேறு.

அடுத்த வருஷமும் ஆட ஆரம்பித்தோம். ஆனால் பந்து காலடியில் நின்றால் மட்டையாளர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான், ஜெயிலில் வரிசையில் நிற்பவன்போல. கீப்பர் வந்து அவன் கால்களுக்கு நடுவே குனிந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும். சவரி வரவில்லை, வேறொருவன் நின்றான். நஞ்சப்பாவும் வரவில்லை, மட்டையை மட்டும் கொடுத்தனுப்பினான். இரண்டு ஞாயிறோடு அது நின்றுபோனது. யாரும் சண்டை போடவில்லை. மூன்றாவது ஞாயிறு யாரும் பாயைத் தூக்கி வரவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு நஞ்சப்பாவை நான் பார்த்தது ஒரே ஒரு முறை, ஏழெட்டு வருஷம் கழித்து, குந்தாரப்பள்ளிச் சந்தையில். ஒரு ஜோடி மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கூட்டத்தில் நழுவப் பார்த்தேன். அவன் பார்த்துவிட்டான்.

“சார்! நல்லா இருக்கீங்களா? கொஞ்சம் எளச்சிட்டீங்க.”

பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, அந்த பெங்களூர் வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“வரச் சொல்லி லெட்டர் போட்டாங்க சார். அங்கயே வந்து ஒரு தடவ ஆடிக் காட்டுன்னு. நான்தான் போவல.”

“ஏம்பா?”

“என்ன மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது? அந்த ஆபீசர் பாத்துட்டாரு. கையால பந்தை எடுத்து அவுட்டானவன், ரூல் தெரியாதவன்னு அங்க பத்துப் பேர் முன்னாடி கேட்டா? வெக்கமா இருந்துச்சு சார். இப்ப ஆடறதில்ல, வுட்டுட்டேன்.” மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னான். “தப்பு என்மேலதான. உங்கமேல ஒண்ணும் இல்ல சார். நீங்க இருந்ததத்தான படிச்சீங்க.”

மறுபாதி வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. நாலே நாலு வார்த்தை. கிருஷ்ணகிரி பஸ் வந்து நின்றது. “நேரமாச்சு, வரேம்பா” என்று ஏறிவிட்டேன். அந்த பஸ்ஸில் எனக்கு எந்த வேலையும் இல்லை. குருபரப்பள்ளிக்குத்தான் போக வேண்டியிருந்தது, அது எதிர்ப்பக்கம்.

பேத்தி டிவி பார்த்த அந்த சாயங்காலத்துக்கு அடுத்த வாரம் அத்திப்பள்ளிக்குப் போனேன். ஏரி எங்கே என்று தெரியவில்லை. மேம்பாலமும் லாரி வரிசையும் டைல்ஸ் கிடங்குகளுமாக இருக்கிறது. செக்போஸ்ட்டே இடம் மாறிவிட்டது. சட்டப் புத்தகத்திலும் அந்தச் சட்டம் இப்போது தனியாக இல்லையாம், வேறொரு சட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள் என்று பேத்தி சொன்னாள். விசாரித்து விசாரித்து நஞ்சப்பாவின் மகனைப் பிடித்தேன். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. ஷிப்ட் பஸ்ஸுக்காக நின்றிருந்தார். அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது என்றார்.

“கிரிக்கெட்டா? எங்கப்பாவா?” என்று சிரித்தார். “இல்ல சார், நீங்க வேற யாரையோ சொல்றீங்க. எங்கப்பா பேட்டைத் தொட்டு நான் பாத்ததே இல்ல. டிவில மேட்ச் வந்தாக்கூட எந்திரிச்சி வெளிய போயிடுவாரு.”

சொன்னேன். முதல் பாதி, மறுபாதி, சவரி கேட்டது, பஸ் டிக்கெட், ஆபீசர், எல்லாம். ரோட்டோரத்தில் நின்று, லாரி ஹாரனுக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், நடுநடுவே ரோட்டைப் பார்த்தபடி. பஸ் வந்தது. படியில் ஏறி நின்று என் கையைப் பிடித்தார்.

“இதுக்காகவா சார் இந்த வயசுல இவ்ளோ தூரம் வந்தீங்க? உங்க மேல தப்பில்ல சார். அப்பாவுக்கு ரூல் தெரியல, அவ்ளோதான்.”

பஸ் போய்விட்டது. அந்த ஆட்டத்தில் ஆடிய இருபத்திரண்டு பேரில், எனக்குத் தெரிந்தவரை, மிச்சம் நான் ஒருவன்தான்.